கரியர் பூட்டிய மவுண்டன் பைக்

மல்வேர்ன், 1995. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. லண்டனில் இருந்து வந்திருக்கும் நான், தங்கியிருக்கும் வீட்டு வாசலில் குளிரில் நிற்கிறேன். வீட்டுக்காரர் குணம் அண்ணை நேற்று வாங்கிய மவுண்டன் பைக்கில் மட்காட், ஸ்ராண்ட் எல்லாம் பூட்டிவிட்டார். இப்போது கரியரின் கடைசி நட்டை இறுக்குகிறார். அவருடைய மனைவி ராணி அக்காவுக்கு ஏழு மணிக்குப் பேக்கரியில் வேலை. ஞாயிறுகளில் அதற்குள் பஸ் வராது. வழியில் ஓர் ஏற்றம் இருக்கிறது. பழைய சைக்கிள் அதில் இரண்டு பேரை இழுக்க மாட்டேன் என்றுவிட்டது.

இந்தச் சைக்கிளைப் பற்றி எனக்குத் தெரிந்த கதையை அண்ணைக்குச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய பாரச் சைக்கிள்களில் இருந்த மட்காட், ஸ்ராண்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மலைப்பாதையில் பாய்ந்து இறங்கினார்கள். பிரேக் பிடித்துப் பிடித்தே சூடேறி, பின்சில்லின் அச்சுக்குள் இருக்கும் கிறீஸ் புகைந்து போகும். பிறகு மலை ஏறவும் ஆசை வந்து கியர் பூட்டினார்கள். அப்படித்தான் இந்தச் சைக்கிள் பிறந்தது.

“கரியரையும் கழட்டினவையோ?”

“ஓம் அண்ணை.”

அவர் ஸ்பானரைக் கீழே வைக்கிறார். “அவையளுக்கு மனிசியை வேலைக்கு ஏத்திக்கொண்டு போற கரைச்சல் இருந்திராது.”

“நான் கரைச்சலோ?” என்றபடி ராணி அக்கா சாப்பாட்டுப் பெட்டியோடு கரியரில் ஏறி ஒருபக்கமாக உட்காருகிறார்.

தெருமுனையில் ஏற்றம் தொடங்குகிறது. அண்ணை கியரை மாற்றுகிறார். சைக்கிள் நடைவேகத்துக்கு வந்துவிடுகிறது. அவருடைய கால்கள் மட்டும் விறுவிறுவென்று சுற்றுகின்றன. பாதி ஏற்றத்தில் அக்காவின் குரல் கேட்கிறது.

“நான் இறங்கட்டேப்பா?”

“இருமப்பா. ஏறுது.”