கதவைப் பார்க்க வந்தவர்

சென்னைத் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் நின்றால் பயணிகளை மாமல்லபுரம் அழைத்துப்போகப் பேருந்துகள் காத்திருக்கும். அன்று ஒருவர் மட்டும் பேருந்தை விட்டுவிட்டு, வாடகைக் காரில், கார் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடத்துக்கு வந்திருந்தார்.

கூட்டுரோடு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும் தங்கைக்காக நான் பைக்கோடு காத்திருந்தேன். பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் பழக்கம் விடவில்லை, பேச்சுக் கொடுத்தேன். எழுபது வயதிருக்கும். தன் நாட்டில் கார் தொழிற்சாலையில் கதவு பொருத்தியவர். அதை மூடிவிட்டார்கள். அங்கே நடந்த வேலை இந்தப் பக்கம் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, யார் செய்கிறார்கள் என்று பார்க்க வந்தாராம். முன் அனுமதி இல்லாததால் தொழிற்சாலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். குரலில் கோபமில்லை. ஐந்தரைக்குள் கப்பலில் ஏற வேண்டும்; தவறினால் கப்பல் போய்விடும், துணியும் மருந்தும் அதில்தான் இருக்கின்றன என்றார். அப்போது மணி இரண்டே முக்கால்.

பஸ் வந்து நின்றது. சீருடையோடு இறங்கிய தங்கையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளும் இங்கே ஒரு கார் கம்பெனியில் கதவு லைனில்தான் இருக்கிறாள். பொருத்தி வரும் கதவைச் சரிபார்ப்பது அவள் வேலை.

“இன்னாண்ணா, கப்பல் ஏறி வந்து டீ குடிச்சிட்டுப் போறாரா?”

அவள் வேலையை அவரிடம் சொன்னேன். உடனே எழுந்தார். வாடகைக் காரின் பின்கதவு உடலோடு சேரும் இடத்தில் விரல் நுனியை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். கண்களை மூடிக்கொண்டார். தங்கையும் அருகே போய் விரல் வைத்தாள். அவளும் கண்களை மூடினாள். அவர் விரல் நின்ற அதே இடத்தில், கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே, அவள் விரலும் நின்றது.

அந்த இடத்தில் கதவு அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது என்றார். தமிழில் சொன்னேன்.

“தெரியுது. ஆனா இது எங்க வண்டி இல்லன்னு மொதல்ல சொல்லுண்ணா.”

சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“எதுக்கும்மா என் வண்டிய வம்புக்கு இழுக்கறீங்க?” என்றார் டிரைவர்.

“வண்டிய வுடுங்க. எந்தப் பக்கமா போவீங்க?”

“ஸ்ரீபெரும்புதூர் போயி ஹைவே புடிச்சிடுவேன்.”

“புடிப்பீங்க. ஷிப்ட் பஸ்ஸு மொத்தமும் இப்ப அங்கதான் கீது. அஞ்சரைக்குப் பூந்தமல்லியே தாண்ட மாட்டீங்க. படப்பை, மணிமங்கலம் வழியா தாம்பரத்துல இறக்கி வுடுங்க. அங்கேர்ந்து பீச் டிரெயின். கடைசி ஸ்டேஷனாண்டயே ஹார்பர்.” என் கையிலிருந்த பைக் சாவியை வாங்கிக்கொண்டாள். “நீயும் கூடப் போண்ணா.”

மணிமங்கலம் வழியில் நெரிசல் இல்லை. நாலு மணிக்கு மின்சார ரயிலில் உட்கார்ந்துவிட்டோம். கண்ணை மூட யார் கற்றுக்கொடுத்தது என்று அவளைக் கேட்கச் சொன்னார். போன் செய்தேன்.

“யாரும் சொல்லிக் குடுக்கல. தொறந்து வெச்சா கண்ணுதான் பாக்கும், வெரல் பாக்காது.”

மொழிபெயர்த்தேன். அவர் மாம்பலம் வரை தன் விரல் நுனியையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் என்னையே நினைத்துக்கொண்டேன். இந்தத் தொழிற்பேட்டையைப் பற்றி எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறேன். அவற்றில் ஏக்கர் கணக்கு இருந்தது, முதலீடு இருந்தது. ஒரே வீட்டில் வளர்ந்தவளின் விரல் ஒரு செய்தியிலும் இருந்ததில்லை.

துறைமுக வாசலில் பாஸ்போர்ட்டைக் காட்டியவர், திரும்பி வந்து ஒன்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மணி ஐந்து பத்து. தங்கையைக் கூப்பிட்டேன்.

“ஏறிட்டாரா?”

“உள்ள போயிட்டாரு. இருபது நிமிஷம் இருக்கு.”

“இன்னா சொன்னாரு?”

“வேலை சரியான ஆள்கிட்டதான் வந்திருக்குன்னாரு.”

 தங்கை சொன்னாள்: “எங்க வண்டியத் தொட்டுப் பாத்துட்டு சொல்லச் சொல்லு.”