விரல் மூடிய ஒரு மூச்சு

லைலாவின் குரல் சாய்ந்தமருதுக் கடற்கரைக்கே தெரிந்தது. பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் வளவு வாசலில் நின்று, "ஹிஷா...ம்!" என்று கூப்பிடுவாள்.

"மெல்லமாக் கூப்பிடுங்க ராத்தா, மீனெல்லாம் கரைக்கு வந்திரும்" என்பாள் தங்கை றுமானா. பந்தை விட்டுவிட்டு மகன் அலைப்பக்கமிருந்து கத்துவான்: "இந்தா வாறன் உம்மா!"

மகன் இப்போது கத்தாரில். வெற்றிலை தந்த புற்றுக்கு உம்மாவின் நாக்கோரத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டிய இடம் வீங்கி மூச்சை அடைத்துவிடும் என்று கழுத்தில் துளையிட்டு ஒரு குழாய். மூச்சு அதன் வழியே போய்வந்தது, குரல் எழவில்லை. பின்னேரம் ஹிஷாம் வீடியோவில் வந்தால் பதிலுக்கு நகத்தால் ஃபோனைத் தட்டுவாள். அந்தப் பெயரை ஒருதரம் வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். அல்லாஹ்விடம் அவள் கேட்கும் துஆவில் வேறெதுவும் இல்லை.

குழாயை எடுக்கலாமா என்று டொக்டர் கேதீஸ்வரி சோதிக்கவிருந்த காலை. உள்ளே குழாயைச் சுற்றி இறுக்கியிருந்த சிறு பலூனின் காற்றை வார்டுத் தாதி மிஸ்ஸி இறக்கிவிட்டுப் போனாள். அந்த நேரம் பார்த்து றுமானா, பள்ளிவாசலில் ஓதிவித்த தண்ணீர்ப் போத்தலோடு வந்தாள்.

"பிஸ்மி சொல்லிட்டு ஒரு முடறு குடிங்க ராத்தா. எல்லாம் லேசாகும்."

லைலா விழுங்கினாள். இருமல் பிடுங்கியது. குழாய் வாயால் தண்ணீர் தெறித்தது.

மிஸ்ஸி ஓடிவந்து மெஷினால் உறிஞ்சி எடுத்தாள். "என்னத்தக் குடுத்த நீங்க?"

"ஓதின தண்ணிதானே மிஸ்ஸி. அது ஒண்டும் செய்யா."

"ஓதினது நல்லம்" என்றார் பின்னால் வந்த டொக்டர். "ஆனா அது நெஞ்சுக்குள்ள போகுதே. விழுங்கப் பழகுமட்டும் குழாய் இருக்கட்டும்."

லைலாவின் கண் நிறைந்தது. மூச்சு சீரானதும் டொக்டர் கையுறை விரலால் குழாய் வாயை மூடினார். "வீக்கம் வத்திட்டா எண்டு பாப்பம். வாயால மூச்சு விடுங்க. ஏலுமெண்டா ஒரு சொல்லுச் சொல்லுங்க."

றுமானா அவசரமாக ஃபோனை நீட்டிக் குரல்பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

கரகரத்தது. வெட்டுப்பட்ட நாக்கு தடுக்கியது. "...இஷா...ம்."

"காத்து மேல போகுது. நல்லம்." டொக்டர் விரலை எடுத்தார். மிஸ்ஸி பலூனை மறுபடி நிரப்பினாள். இனிக் குழாயை மூடினால் மூச்சுக்கு வேறு வழியில்லை.

பதிவை றுமானா ஹிஷாமுக்கு அனுப்பினாள். நண்பகல் லுஹர் தொழுகை வரை பதில் இல்லை. பிறகு வந்தது, வேலைத்தளத்து இரைச்சலை மீறிய ஒரு கத்தல்: "இந்தா வாறன் உம்மா!"

அவனுக்கு லீவு அடுத்த நோன்பு மாதத்துக்குத்தான். அது அவளுக்கும் தெரியும். திரும்பப் போடச் சொல்லிச் சைகை காட்டினாள். கேட்டுக்கொண்டே விரலை மெல்லக் குழாய் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ராத்தா! கைய எடுங்க!" வார்டின் அந்தக் கோடியிலிருந்து மிஸ்ஸி கத்தினாள்.