சர்வம் மாற்றிய பேரிங்

என் தங்கையின் மருமகனுக்கு வீட்டுப் பெயர் 'சர்வம்'. தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அவர் காரின் முன்சக்கரம் ஊளையிட ஆரம்பித்தபோது, தெருநாய்கள் மூன்று அதைத் தலைவனாகவே ஏற்றுக்கொண்டு பின்னால் ஓடின.

திங்கட்கிழமை அவர் மனைவி வெளியூரில் புது வேலையில் சேர வேண்டும். அந்த ஊருக்கு பஸ் கிடையாது, கார்தான் கதி.

ஷோரூமில் டை கட்டிய ஒருவர் சக்கரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "நாலு சக்கரத்து பேரிங்கும் மாத்தணும் சார்" என்றார். அவர்கள் லட்சணம் அது.

"கொள்ளைக்காரனுங்க! நானே மாத்துறேன்" என்று வந்த சர்வம், சனிக்கிழமை வலது சக்கரத்தைக் கழற்றிப் புதுப் பேரிங்கைச் சுத்தியலால் அடித்தே உள்ளே இறக்கினார். இவர் லட்சணம் இது.

அவர் அடிக்கும்போதே மனைவி சொன்னாள்: "ஏங்க, வலப்பக்கம் திருப்பும்போதுதானே கத்துது? அப்போ பாரம் இடப்பக்கம்தான் விழுது. போனது இடது பேரிங். அதோட, இதை அடிக்கக் கூடாது, பட்டறையில பிரஸ் மெஷின்ல வச்சு அழுத்தணும்."

"உனக்கென்ன தெரியும்? ஸ்பேனரை எடு!"

சாயங்காலம் ஓட்டிப் பார்த்தார்கள். அதே ஊளை.

ஞாயிற்றுக்கிழமை சர்வம் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, அவள் இடது சக்கரத்தின் அச்சுப் பகுதியைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனாள். ஐந்தே நிமிடத்தில் புதுப் பேரிங்கைப் பிரஸ்ஸில் அழுத்திக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை கார் சத்தமில்லாமல் கிளம்பியது.

"நானே மாத்தினேன்!" என்று சர்வம் தெரு முழுக்கச் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து, அவர் அடித்து இறக்கிய வலது பேரிங் ஊளையிட ஆரம்பித்தது. அது ரோட்டுச் சத்தமாம். நாய்கள் நம்பவில்லை.