வேகத்தடையின் முதல் இசைத்தட்டு

1. டெக் ரிப்பேரா?

வெளிநாட்டு இசைத்தட்டு ஒன்றை முதன்முதலாகக் கடையில் ஓடவிட்ட அன்று, வாடிக்கையாளர் ஒருவர் தன் காலி கேசட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"டெக் ரிப்பேர் ஆயிட்டு போல. சரி பண்ணிட்டுச் சொல்லும்வே, வாரேன்" என்றார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருநெல்வேலி ஜங்ஷனில், ஒரு மாடியில், கேசட்டில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். ஊரே இசைத்தட்டுகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது நான் புதுத் தட்டுகளாக வாங்கிச் சேர்த்தேன். அதுவும் பங்க் என்ற மேல்நாட்டு முரட்டு ராக் இசை. பாட்டு இரண்டு நிமிடம்கூட நீளாது. கிட்டாரும் டிரம்ஸுமாக வெளுத்துக்கட்டுவார்கள்; பாடுகிறவர் பாடமாட்டார், கத்துவார். மேலப்பாளையத்து நண்பன் காஜா சரக்குக் கப்பலில் என்ஜினியர். ஜெர்மனித் துறைமுகம் ஒன்றில் அவனுக்குப் பழக்கமான இசைத்தட்டுக் கடையிலிருந்து வாங்கி வருவான்.

அதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பெரிய குழுக்களில் வருஷக்கணக்காக வாசித்துப் பழுத்தவர்கள், சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு, தனியாகச் சின்னக் குழு வைத்துப் போடும் தட்டுகள்தான் வேண்டும். கல்யாண வீட்டில் ஊருக்கே சமைத்து முடித்த சமையல்காரர்கள் தங்களுக்கென்று ஒரு ரசம் வைப்பார்கள். அந்த ருசி இந்தத் தட்டுகளில் இருக்கும்.

2. பையத் தட்டும்வே

சுடலைமுத்து அண்ணாச்சி மெல்லிசைக் குழு ஒன்றின் டிரம்மர். கோயில் கொடை, கல்யாணம் என்று தாமிரபரணிக் கரையில் அவர் வாசிக்காத ஊர் இல்லை. அந்த வருஷம் குழுத் தலைவர், தாளத்தைத் தானே வாசிக்கும் கீபோர்டு ஒன்றை வாங்கிவிட்டார். அண்ணாச்சி பேருக்குத்தான் மேடையில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் ஓங்கி அடித்தால், "பையத் தட்டும்வே, மெஷின் சத்தம் கேக்கவே மாட்டேங்கு" என்பார் தலைவர்.

ஒருநாள் கேசட் வாங்க வந்த அண்ணாச்சி, பங்க் தட்டு ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த டிரம்ஸ் அடிக்கானே, சின்னப் பயலா?"

"உங்க வயசு இருக்கும் அண்ணாச்சி" என்று அட்டையைக் காட்டினேன். நரைத்த தலையோடு ஒருவர் குச்சியை ஓங்கிக்கொண்டிருந்தார்.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணாச்சி. "இவன யாரும் பைய அடிக்கச் சொல்லல போலிருக்கு" என்றார்.

மறுவாரம், அதே குழுவின் கிட்டாரிஸ்ட் தேவசகாயம் சாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "நாங்களும் ஒண்ணு வாசிக்கப் போறோம். பதிவு பண்ணு" என்றார். பாட்டு அண்ணாச்சியே கட்டியது. ஜங்ஷனில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவனின் ஆத்திரம். கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தோம். கீழ்க்கடை டெய்லர் மாடிக்கு ஓடி வந்தார்.

"கட்டடத்த இடிக்காவளோன்னு பாத்தேன்!"

அவரையும் மைக் முன்னால் நிறுத்தினோம். "பஸ்ஸக் காணோம்!" என்று எங்கள் எல்லாரையும்விட அருமையாகக் கத்தினார்.

விஷயம் தலைவர் காதுக்குப் போயிற்று. நேரே கடைக்கே வந்துவிட்டார். "இந்தக் கூத்து வேணும்னா குழுவ விட்டுரும்" என்றார்.

அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார்: "விட்டுட்டேன்னு வச்சுக்கிடும்."

அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

3. இந்த ஊர்தாம்லே

கேசட்டைக் காஜா கையோடு கொண்டுபோனான். வெகுநாள் கழித்துத் துறைமுகத்திலிருந்து போன் செய்தான்.

"லே, கடைக்காரன் கேசட்டக் கேட்டுட்டு ஆடுதான்! அவனே பழைய டிரம்மராம்லா. தட்டாப் போடுதேங்கான். குழு பேரு கேக்கான்."

பக்கத்தில் நின்ற அண்ணாச்சியிடம் கேட்டேன். "இத்தன நாளும் பையத் தட்டும்னு எனக்குத் தடைதான போட்டானுவ? வேகத்தடைன்னு போடச் சொல்லு" என்றார்.

அடுத்த விடுமுறையில் காஜா அந்தத் தட்டோடு வந்து இறங்கினான். கறுப்பாக, சின்னதாக, பளபளவென்று இருந்தது. நடுவில் ஆங்கில எழுத்தில் வேகத்தடை. ஊசியை வைத்தேன். அண்ணாச்சி உட்காரவே இல்லை. பாட்டு முடிந்ததும், "இன்னொரு தரம் போடு" என்றார். ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டுப் போட்டேன். தெருவில் போன கல்லூரிப் பையன்கள் படியேறி வந்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி, இது எந்த ஊரு பேண்ட்?"

"இந்த ஊர்தாம்லே!" என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

அந்தப் பையன்கள்தான் கல்லூரி ஆண்டு விழாவுக்கு வேகத்தடையைக் கூப்பிட்டார்கள். மெல்லிசைக்கு வந்திருந்தது பழைய தலைவரின் குழு. சவுண்ட் என் பொறுப்பு. அண்ணாச்சி முதல் அடியை இறக்கியதும் நாற்காலியில் ஒருவரும் இல்லை. "பஸ்ஸக் காணோம்!" என்று மைதானமே கத்தியது. பாட்டை மூன்று தடவை வாசிக்க வைத்தார்கள்.

மேடையை விட்டு இறங்கியவரிடம் தலைவர் வந்தார். "அம்பாசமுத்திரத்துல கச்சேரி இருக்கு. நீரு வாரும்வே. மெஷின நிறுத்திருதேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார் அண்ணாச்சி. "வாரேன். ஆனா ஓங்கித்தான் அடிப்பேன்."

அதற்கப்புறம் அவர் அந்தக் குழுவிலும் வாசித்தார், வேகத்தடையிலும் வாசித்தார்.

இசைத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாடிக்கையாளர் கேட்பதைக் கொடுத்தால் கடை நடக்கும். உங்களுக்குப் பிடித்ததையும் வெட்கப்படாமல் சத்தமாகப் போட்டு வையுங்கள். அது யாருக்குத் தேவைப்படும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது.