சுவருக்கு மேலால் வந்தது

இந்த வருடம், பஜாரில் வெசாக் விளக்குக் கூடுகளை இன்னும் கழற்றியிராத வாரத்தில், நான் என் நாவலின் கொலைகாரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பகலில் யட்டியாந்தோட்டை பஜாரில் போட்டோகொப்பிக் கடையில் வேலை. மாலையில், ஊருக்கு மேலே றப்பர்த் தோட்டத்து லயக் காம்பராவில், வரிசையாக ஒட்டிய வீடுகளில் ஒன்றில், துப்பறியும் கதை. நான் தனியாள். நாள், கிழமை விஷயத்தில் பிடிவாதக்காரன். எந்தப் போயா பௌர்ணமிக்கு முதல்நாள் பிணம் கிடைத்தது, அன்று மழையா வெயிலா, யார் எந்த பஸ்ஸில் வந்து இறங்கினார் என்பதெல்லாம் என் கதையில் பிசகாது. கொலைகாரன்தான் பிசகினான். அவன் முரடன், பேராசைக்காரன், ஆகவே கொன்றான். அந்த 'ஆகவே'யைப் படிக்கும்போதெல்லாம் எனக்கே கொட்டாவி வந்தது. நான் விரும்பிப் படித்த கதைகளில் காரணம் தெரிந்த பிறகும் ஆள் மனதில் தங்கியிருப்பான். என் ஆள் முதல் அத்தியாயத்திலேயே தீர்ந்துபோயிருந்தான்.

எழுதியதை உரக்கப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். எங்கள் லயத்தில் காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. மேலே ஒரு முழ இடைவெளி. தகரத்தில் பட்டு எல்லாச் சத்தமும் பக்கத்து வீட்டில் இறங்கும். அதனால் என் முதல் வாசகன் பக்கத்துக் காம்பராக்காரன். சந்தியில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவன், என்னைவிடப் பத்து வயது இளையவன், வாய்க்காரன்.

"அண்ணே, அந்தக் கொலகாரன இன்னைக்காவது புடிச்சிருங்க. எனக்குக் காலையில ஹயர் இருக்கு," என்பான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. அவன் மனைவி சிரிப்பது கேட்கும்.

வானொலி, வாசிப்பு, கேலி இவற்றுக்கெல்லாம் பதில் சொல்லலாம். அழுகை, சண்டை, வியாதிக்காரரின் முனகல் போன்றவை காதில் விழுந்தாலும் விழாதவைதான். யாராவது தவறி வெளியில் சொன்னால், "அது செவுத்துக்கு மேல வந்தது," என்று பக்கத்தில் இருப்பவர் மெதுவாகச் சொல்வார். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

அந்த வாரம் மழை விடவேயில்லை. லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் நீளமாக ஒரு வெடிப்பு. ஒரு காலைப்பொழுதில் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லோரும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். அன்றைக்கே ஆட்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். பக்கத்துக் காம்பராக்காரன் மட்டும் அசையவில்லை. அதிகாரியிடம் சிங்களத்திலேயே, "பயவென்ன தெயக் நே, மாத்தயா," என்றான். பயப்பட ஒன்றுமில்லையாம். எங்களிடம் திரும்பி, "மல வந்தா வரட்டும். உக்கார வச்சு டீ குடுத்து அனுப்புறேன்," என்றான். யாரும் சிரிக்கவில்லை.

பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது அவன் மனைவி என்னிடம் சொன்னாள்: "எனக்கு ஒன்னும் வெளங்கல அண்ணே. புள்ளயத் தூக்கிக்கிட்டு நான் போறேன்னேன். போனா திரும்பி வராதங்கிறாரு. மேல அம்புட்டு மண்ணு நிக்கிது. இவர விட்டுட்டு எப்படிப் போவேன்?"

"தரைக்கு அடியில கல்லு பொதச்சு வச்சிருப்பான்," என்றாள் கடைசிக் காம்பரா அக்கா, கோழியைக் கூடையில் அமுக்கிக்கொண்டே. "பெல்மதுளையில மாணிக்கக் குழியில எறங்கின ஆளுதானே? காவல் காக்குறான்."

லயம் முழுக்க அதை நம்பியது. முரடன், பேராசைக்காரன், ஆகவே போக மறுக்கிறான். என் நாவலின் அதே 'ஆகவே'. அதைக் கேட்ட பிறகு எனக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். வெடிப்பைப் போய்ப் பார்த்தேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன்.

நடந்துகொண்டே அவனுடைய பழைய நாட்களை வரிசைப்படுத்தினேன். போன தைப்பொங்கல் கழிந்து எம்பிலிப்பிட்டியவில் மச்சான் கல்யாணம். மனைவியையும் பிள்ளையையும் அங்கே விட்டுவிட்டு, வண்டி களவு போய்விடும் என்று சொல்லி அன்றிரவே தனியே திரும்பி வந்தான். அதற்கு முந்திய ஆடி மாதம் கதிர்காமத்துக்கு நல்ல ஹயர் சவாரி. தங்க வேண்டும் என்றதும் வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் நின்றபோதுகூட வண்டிக்குள் விழித்தபடியே இருந்தான். வீட்டுக்கு வெளியே அவன் கண்ணயர்ந்ததை நான் கண்டதில்லை.

வீட்டில் தூங்குவான். தூக்கத்தில் கத்துவான். "மண்ணு! மண்ணு வருது!" அந்த மாணிக்கக் குழி இடிந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை, அந்தச் சத்தம்தான் சொன்னது. வருடக்கணக்காக லயம் முழுக்கக் கேட்டு, வருடக்கணக்காக யாருக்கும் கேட்கவில்லை. தனக்கும் மனைவிக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று அவன் நினைத்திருந்தான்.

பள்ளி மண்டபத்தில் தோட்டத்தின் மூன்று டிவிசன் ஆட்களும் ஒன்றாகப் படுக்க வேண்டும். சந்தியில் அவனோடு வண்டி ஓட்டுகிறவர்களும் அங்கேதான். மண் விழுவதைக் கனவில் கண்டு அலறுகிற மனிதன், அது வெளியே தெரியக்கூடாது என்பதற்காக உண்மையான மண்ணுக்குக் கீழே குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தான். காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அது சுவருக்கு மேலால் வந்த காரணம்.

மாலையானதும் என் கொலைகாரனை எடுத்தேன். அவனுடைய குரலையும் மீசையையும் அப்படியே விட்டேன். யார் கூப்பிட்டாலும் இராத்தங்காதவனாக மட்டும் அவனை மாற்றினேன். ஒரு பக்கம் எழுதி, பாதி காலியான லயத்தில் உரக்கப் படித்தேன். தகரத்தில் மழை, அதையும் மீறிப் படித்தேன்.

வழக்கமான கேலி வரவில்லை. பிறகு, "அண்ணே."

"என்னப்பா?"

"அந்தாளு ஏன் வெளிய படுக்க மாட்டேங்கிறான்?"

"இன்னும் எழுதல."

"எழுதாதீங்க." குரல் சுவரை நெருங்கி வந்தது. "கதையில வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"லயத்துல எல்லாருக்கும் தெரியும். ரொம்ப நாளா தெரியும். யாரும் அவன ஒரு சொட்டும் கொறச்சு நெனக்கல."

அந்தப் பக்கம் ஏதோ தகரப் பாத்திரம் உருண்டது. அடுத்த நிமிடம் என் வாசலில் நின்றான். முகம் சிவந்திருந்தது. அடிப்பான் என்றே நினைத்தேன்.

"இது கதையா?"

"கதைதான்."

"ஒங்க கதையில ஒருத்தனுக்கும் மூள இல்ல." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மேட்டுப் பக்கம் பார்த்தான். "ஸ்கூல்ல எங்க படுக்க விடுறாங்க?"

"எல்லாரும் ஹோல்லதான். ஓரத்துல ஒடஞ்ச மேசை, கதிரை போட்டு வச்ச ரூம் ஒன்னு இருக்கு. நான் பயங்கரமா கொறட்ட விடுவேன்னு சொல்லி அதக் கேட்டிருக்கேன். ரெண்டு பேரு படுக்கலாம்."

அவன் என்னையே பார்த்தான். "நீங்க எங்கண்ணே கொறட்ட விடுறீங்க? இத்தன வருஷத்துல ஒரு நாளும் செவுத்துக்கு மேல வரலையே."

வாயைவிட்டு வந்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. நான் கேட்காத மாதிரி குடையைத் தேடினேன். இருட்டுவதற்குள் அவன் வண்டியில் பாய், பானை, பிள்ளை, மனைவி எல்லாம் ஏறின; நானும் ஏறினேன். அவன் மனைவி என் கையெழுத்துப் பிரதிக் கட்டை வாங்கி மடியில் நனையாமல் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மேட்டில் ஒரு பகுதி சரிந்து வந்து, அவர்கள் அடுப்படியைத் தள்ளிவிட்டு நின்றது. மிச்சம் இன்னும் அங்கேதான் நிற்கிறது. புது வீடு தருவதாகச் சொல்கிறார்கள். எப்போது என்று சொல்லவில்லை. வெயிலடித்தால் லயத்துக்குத் திரும்புகிறோம், மழை கனத்தால் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறோம். நாவல் பாதியில் கிடக்கிறது. கொலைகாரனுக்கு இப்போது உயிர் வந்துவிட்டது. அவன் யாரையாவது கொல்வானா என்பதுதான் சந்தேகமாகிவிட்டது. தகரத்தில் முதல் துளி விழுந்ததும் என் பேனா நின்றுவிடுகிறது. அதற்குள் வாசலில் ஹோர்ன் சத்தம்.

"கொறட்டக்காரரே, ஏறுங்க! கொலகாரனையும் கூட்டிக்கிட்டு வாங்க!"