இறக்கம் சொல்லப் பழகியது

பஸ்ஸில் ‘இறக்கம்’ என்று சொல்ல வாய் வராததற்கும் ஆஸ்பத்திரியில் வைத்தியம் இருக்கிறதென்று எனக்கு முப்பது வயதுக்குப் பிறகுதான் தெரியும். முள்ளியவளையில் ஏறி, நான் படிப்பிக்கும் முன்பள்ளியடியில் இறங்க வேண்டும். அங்கே வேறு ஒருவரும் இறங்குவதில்லை. குரல் கொடுத்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று பயந்து, சனம் கூட்டமாக இறங்கும் பிள்ளையார் கோயிலடி வரை போய், வெயிலில் திரும்பி நடந்து வருவேன். இனியும் பிந்தினால் வேறு ஆளைப் பார்ப்பதாகப் பொறுப்பாசிரியை சொல்லிவிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் நரியாக ஊளையிட எனக்கு வெட்கமேயில்லை. அவர்களோடு மட்டும்தான் எனக்குக் கதை வரும். அந்த வேலை போனால் நான் ஊமைதான்.

ஆக, குழுச் சிகிச்சைக்குப் போனேன். ஆட்களைக் கண்டு பயப்படுகிறவர்களை வட்டமாகக் கதிரை போட்டு, ஆளுக்காள் முகம் பார்க்க இருத்தினார்கள். இந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவருக்குக் கோடி புண்ணியம். முதல் நாள் முழுக்க எல்லோரும் மின்விசிறியைத்தான் பார்த்தோம்.

நடத்திய உளவளத்துணையாளர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், நல்ல மனுசி. “எல்லாரும் உங்களையே பாக்கினம் எண்டது உங்கடை நினைப்புத்தான். சனத்துக்கு அவையவையின்ரை பாடு. ஒருக்கா இறக்கம் சொல்லிப் பாத்துக்கொண்டு வாங்கோ” என்று வீட்டுவேலை தந்தார். பாவம், அவர் எங்கள் பஸ்ஸில் ஏறியதில்லை.

மறுநாள் முன்பள்ளியடி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு “இறக்கம்!” என்று கத்தினேன். பஸ் நின்றது. இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன டீச்சர், பிள்ளையாருக்கு வைச்ச நேர்த்திக்கடன் முடிஞ்சுதோ?” என்றார் கொண்டக்டர்.

“என்ன நேர்த்தி?”

“ஒவ்வொரு நாளும் பிள்ளையாரடியிலை இறங்கி நடக்கிறியள். நேர்த்தியாக்கும் எண்டெல்லோ நான் இஞ்சை நிப்பாட்டாமல் விட்டனான்!”

“கதையாமல் வாறதும் மௌனவிரதமாக்கும் எண்டு நாங்களும் கரைச்சல் குடுக்கேல்லை” என்றார் பின்னால் இருந்த அம்மா.

அட கடவுளே! யார் கண்ணிலும் படாமல் இருக்கிறேன் என்று நான் நினைத்த காலம் முழுக்க, இந்தச் சனம் என்னைக் கும்பிடாத குறை. எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆனால் அன்று நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

குழுவில் இதைச் சொன்னபோது, மின்விசிறியைப் பார்க்கிறவர்களெல்லாம் வாய்விட்டுச் சிரித்தார்கள். உளவளத்துணையாளர் மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப எல்லாரும் பாத்தவை?”

“ஓம் மிஸ்.”

“பாத்து?”

“ஒண்டுமில்லை மிஸ். நான் இறங்கிப் போனனான்.”

“அப்ப சரி. பழகும் வரைக்கும் ஒவ்வொரு நாளும் சொல்லுங்கோ.”

அதற்கு விட்டால்தானே? அடுத்த நாள் நான் வாய் திறக்க முன்னமே பஸ் முன்பள்ளியடியில் நின்றுவிட்டது. “டீச்சர் இறக்கம்!” என்று கொண்டக்டர் எனக்காகக் கத்தினார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“பொறுங்கோ அண்ணை, அதை நான்தான் சொல்லோணும்” என்றேன். நின்ற பஸ்ஸில் எழும்பி நின்று, “இறக்கம்!” என்று அடித்தொண்டையால் கத்திவிட்டுத்தான் இறங்கினேன்.