கிளிட்டஸ் சாரின் அணி ஜெயித்த ஆட்டம்

கிளிட்டஸ் விசாவில் ஸ்டோர் கீப்பர். பன்னிரண்டு வருஷமாகத் துபாயில் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரிக்குக் கால்பந்துப் பயிற்சியாளராக இருக்கிற மனிதர், அரசாங்கத்தின் கண்ணில் ஏதோ ஒரு கிடங்கின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறார். அந்தக் கல்லூரியில் ஸ்டோரே கிடையாது. இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. விசாவில் எழுதியிருக்கிற வேலையையே செய்கிறவனைத்தான் வளைகுடாவில் கொஞ்சம் சந்தேகமாகப் பார்ப்பார்கள். கிளிட்டஸின் அறையில் கூடத் தங்கியிருக்கும் பன்னீர்செல்வம் விசாவில் தச்சர். உளியைக் கண்ணால் கண்டதில்லை. சலூனில் முடி வெட்டுகிறார்.

அந்த ஸ்டோர் கீப்பர் விசா அக்டோபரில் முடிகிறது. கல்லூரிகளுக்கிடையிலான லீக்கும் அக்டோபரில்தான் தொடங்குகிறது. முன்பெல்லாம் விசா யாரும் கேட்காமலே புதுப்பித்து வந்துவிடும், லீக்கும் யாரும் கேட்காமலே தோல்வியில் முடிந்துவிடும். போன வருஷம் கிளிட்டஸின் அணிக்குக் கடைசிக்கு முந்தின இடம். கடைசி அணி பாதியில் விலகிக்கொண்டதால் கிடைத்தது.

இந்த வருஷம் நிர்வாக அதிகாரியாகக் கல்யாணசுந்தரம் வந்திருந்தார். கும்பகோணத்துக்காரர், நல்ல மனிதர். நல்லவர்களிடம் வேலை பார்ப்பதில் உள்ள கஷ்டம், அவர்கள் செய்கிற கெடுதலுக்கு நாம் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

"கிளிட்டஸ் சார், இந்த சீசன் எப்படி இருக்கும்?" என்று அவர் ஆகஸ்ட் கடைசியில் கூப்பிட்டுக் கேட்டார்.

"முதல் ரெண்டு மேட்ச் தோப்போம் சார்."

"என்ன சார், இப்படி ஆரம்பிக்கறீங்க?"

"பயலுவ எல்லாம் புதுசு. போன வருஷத்து டிபென்ஸ் முழுக்க பாஸாகிப் போயாச்சு. பாஸாகாத ஒருத்தன் உண்டும், அவனும் கனடாவுக்குப் போயிட்டான். ரெண்டு மேட்ச் நல்லா அடி வாங்கினா மூணாவதுல நிமிருவானுவ. செமி வரைக்கும் கூடப் போவலாம்."

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா ட்ரஸ்ட் மீட்டிங்ல போய் 'முதல்ல அடி வாங்குவோம்'னு நான் ஸ்லைடு போட முடியாதே." கல்யாணசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு அகாடமி வந்து பேசிட்டிருக்கு. மூணு கோச் அனுப்பறாங்களாம், உடம்பைத் தேத்தத் தனி ஆளாம். நான் உங்களை விட்டுக்கொடுக்க மாட்டேன் சார். ஒரு பிராக்டிஸ் மேட்ச் வைங்க, நானே வந்து பார்க்கறேன். பசங்ககிட்ட உயிர் இருக்குன்னு தெரிஞ்சாப் போதும், உங்க ரினியூவலுக்கு எழுதிடறேன்."

கிளிட்டஸின் மகள் நாகர்கோவிலில் நர்சிங் கடைசி வருஷம். ஐம்பத்திரண்டு வயதில், ஸ்டோரைப் பார்க்காத ஸ்டோர் கீப்பருக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும் என்று அவர் பன்னீர்செல்வத்திடம் கேட்டபோது, "தச்சு வேலைக்கு வர்றீங்களா, நான் சிபாரிசு பண்றேன்" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்கள்.

வேறு ஒரு பயிற்சியாளராக இருந்தால் பள்ளிக்கூடத்துப் பையன்களாகப் பார்த்து ஒரு அணியைக் கூப்பிட்டு, எட்டு கோல் போட்டுக் காட்டியிருப்பார். கிளிட்டஸுக்கு அந்தப் புத்தி கிடையாது. ஜெயித்துப் பழகுவதற்கு முன்னால் ஒழுங்காகத் தோற்றுப் பழக வேண்டும் என்பது அவருடைய வேதம். அதில் அவர் அணிக்கு நீண்ட அனுபவமும் இருந்தது. கல்யாணசுந்தரம் பார்க்க விரும்பிய உயிரை, அடி விழுகிற நேரத்தில்தான் காட்ட முடியும் என்று அவர் நிஜமாகவே நம்பினார். ஆகவே அல் கூஸுக்குப் போனார்.

அல் கூஸில் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு மணல் பொட்டல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே பந்து ஆடுகிறவர்கள் பாதிப் பேர் கிளிட்டஸின் ஊர்க்காரர்கள். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் நடக்கப் பழகும்போதே பந்தும் காலில் ஒட்டிக்கொள்ளும் ஊர்களைச் சேர்ந்த வெல்டர்கள், சாரம் கட்டுகிறவர்கள், இழுவைப் படகில் போகிறவர்கள். செல்வசிங் ஏசி மெக்கானிக், ஒரு காலத்தில் பல்கலைக்கழக அணிக்கு முன்வரிசையில் ஆடியவன். கோல் கீப்பர் அருள்ராஜ் பகலில் சாரத்தின் உச்சியில் நிற்பதால் தரையில் விழுவதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை.

அவர்களுடைய தொழிலாளர் கேம்ப் அறையில் இரண்டடுக்குக் கட்டில்களுக்கு நடுவே தாளை விரித்துச் சோறு போட்டிருந்தார்கள்.

"முழுசா களிக்கணும், கேட்டியளா. அண்ணனுக்க பயலுவன்னு பாக்கப்பிடாது. நாலு கோலாவது போடணும்" என்றார் கிளிட்டஸ். அவர்கள் ஊரில் ஆடுவதற்குக் களிப்பது என்றுதான் பெயர்.

"நாலு போட்டா பிள்ளைகள் அழுமே அண்ணா" என்றான் செல்வசிங்.

"அழட்டு. அழுதாத்தான் அவனுவ களிப்பானுவ."

"செப்டம்பர் வேக்காட்டுல அப்படி என்ன அவசரம்?"

அந்த இடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் பல நாளாக ஒரு சலூன்காரரிடம் மட்டுமே சொல்லி வந்த விஷயம், ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் தானாக வெளியே வந்துவிட்டது. அகாடமியையும் அதிகாரியையும் விசாவையும் எல்லாவற்றையும் சொன்னார். அருள்ராஜ் தன் தட்டில் இருந்த மீனின் நடுத்துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தான்.

"அந்த ஆபீசர் நேர்ல வந்து பாப்பாரா?"

"பாப்பாரு. பாத்துட்டுத்தான் எழுதுவாரு."

"சரி. நீங்க சாப்பிடுங்க அண்ணா."

ஆட்டம் கல்லூரியின் செயற்கைப் புல்லில், வெயில் இறங்கிய பிறகு. காற்றில் ஈரம் பிழிந்தால் சொட்டும். கல்யாணசுந்தரம் எல்லைக்கோட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தொடங்கிய சிறிது நேரத்திலேயே செல்வசிங்குக்கு ஒரு பந்து கிடைத்தது. முன்னால் கீப்பர் மட்டும்தான், அவனும் பயத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தான். செல்வசிங் உதைத்தது கம்பத்துக்கு ஒரு சாண் வெளியே போனது. அவன் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

வெக்கையில் கால் தளர்ந்துவிட்டது போலும் என்று கிளிட்டஸ் நினைத்தார். அடுத்தாற்போல் கல்லூரி அணித் தலைவன் உஸைர் தொலைவிலிருந்து ஒரு சவலைப் பந்தை அடித்தான். அருள்ராஜ் பறந்தான். அழகான பாய்ச்சல், பந்து உள்ளே போய் அரைக்கணம் கழித்து. கல்யாணசுந்தரம் எழுந்து நின்று கைதட்டினார். கிளிட்டஸுக்கு ஊர்த் திருவிழா ஆட்டம் ஞாபகம் வந்தது.

அவர்கள் கரையில் சர்ச்சின் பங்குத் திருவிழாவுக்கு ஒரு ஆட்டம் உண்டு. பக்கத்து ஊர் அணியை விருந்தாளியாக அழைப்பார்கள். மற்ற நாளில் அதே இரண்டு அணிகளும் மோதினால் கால் முறியும், சில வருஷம் வள்ளமும் முறியும். திருவிழா ஆட்டத்தில் மட்டும் விருந்தாளி ஜெயிக்க மாட்டான். கொடியேறிய ஊரில், புனிதர் சப்பரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, வீட்டுக்காரனைத் தலைகுனிய வைப்பது முறையல்ல. ஆனால் வேண்டுமென்றே தோற்கிறான் என்பது யாருக்கும் தெரியவும் கூடாது. அதனால் தோற்பதற்கென்று ஊரின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர்களைத்தான் அனுப்புவார்கள். சுமாரானவர்களை நம்பி அந்தக் காரியத்தை ஒப்படைக்க முடியாது. இளவயதில் கிளிட்டஸே அதில் பெயர் எடுத்தவர். அவர் ஒரு பெனால்டியைக் கோட்டைவிட்ட விதத்தைப் பார்த்து எதிர் ஊர்க் கிழவிகள் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

இடைவேளையில் எதிர் அணியிடம் நேராகப் போனார்.

"எடே, இது திருவிழாவா? நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட?"

"சத்தம் போடாதீங்க அண்ணா. ஆபீசர் இங்கதான் பாக்காரு" என்றான் செல்வசிங், தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டே.

"நீங்க அடிச்சாத்தான் எனக்க பயலுவ எந்திரிப்பானுவ. அதத்தான் அவரு பாக்கணும்."

"ஒங்களுக்க சோறு அண்ணா. அதுல நாங்க கோல் போடப்பிடாது." அருள்ராஜ் கையுறையை இறுக்கிக்கொண்டே சொன்னான். "பேசாம அந்தால போய் நில்லுங்க."

எல்லைக்கோட்டிலிருந்து கத்தவும் வழியில்லை. எதிர் அணிக்கும் அதிகாரிக்கும் பொதுவான மொழி தமிழ்தான். கிளிட்டஸ் பேசாமல் போய் நின்றார். இரண்டாம் பாதியில் அவர்கள் இன்னும் சிரத்தையாகத் தோற்றார்கள். கடைசியில் ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றைப் போட்டது, நம்பும்படி இருக்க வேண்டுமே என்பதற்காக.

உஸைர் மூச்சு வாங்க ஓடி வந்தான். பிறந்தது முதல் துபாயில் வளர்ந்த காயல்பட்டினத்துப் பையன். "சார், வி ஆர் ஆக்சுவலி குட், இல்ல?"

கிளிட்டஸ் அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டார்.

அடுத்த வாரம் கல்யாணசுந்தரம் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் இரண்டு டீ. இரண்டு டீயைப் பார்த்ததுமே கிளிட்டஸுக்குப் புரிந்துவிட்டது. நல்ல செய்திக்கு யாரும் உட்காரச் சொல்வதில்லை.

"பிரமாதம் சார். வீடியோவை ட்ரஸ்டிக்கே அனுப்பினேன். இவ்வளவு நல்ல டீம் நம்மகிட்ட இருக்கறது தெரியாமப் போச்சேன்னார். இந்த வருஷம் கப்பே அடிக்கணும்னு முடிவு பண்ணிட்டார்." கல்யாணசுந்தரம் டீயைக் கலக்கினார். சர்க்கரை போடாத டீ. "அதனாலதான் சார் அகாடமிக்குக் கொடுத்துட்டாங்க. இப்படி ஒரு டீமை ஒரு ஆள் கையில மட்டும் விடறது பசங்களுக்குப் பண்ற துரோகம்ங்கறார். நான் சொல்லிப் பார்த்தேன்."

"சார், அந்த மேட்ச் நிசமில்ல."

"என்ன?"

"விட்டுத் தந்தானுவ. அவனுவ எனக்க ஊர்க்காரனுவ. எனக்கு வேலை போயிடும்னு கேட்டுட்டு வேணும்னே தோத்தானுவ. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். எனக்க பயலுவ அந்த அளவுக்கு இன்னும் வரல சார்."

கல்யாணசுந்தரம் அவரை வெகுநேரம் கனிவோடு பார்த்தார். "பன்னிரண்டு வருஷத்துல உங்க டீம் ஒரு மேட்ச் அடிச்சு நொறுக்கியிருக்கு. அதையும் உங்களுது இல்லேங்கறீங்க. இந்தத் தன்னடக்கம்தான் சார் உங்களைக் கெடுத்துது." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட மறைப்பானேன், அன்னிக்கு நீங்க தோத்திருந்தா நான் பேசாம உங்களுக்கே எழுதியிருப்பேன். தோக்கற டீமுக்கு யார் சார் அகாடமி வைப்பா?"

கிளிட்டஸ் டீயைக் குடித்து முடித்தார். வாழ்க்கையில் ஒரு தடவை உண்மையைப் பேசி வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார், அதற்கு அடக்கம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாசல் வரை போனவர் திரும்பி, விசாவில் இருக்கிறபடி ஸ்டோர் கீப்பராகவே இருந்துவிடட்டுமா என்று கேட்டார். அதிகாரி சங்கடத்தோடு கையை விரித்தார். "நம்ம காலேஜ்ல ஸ்டோர் இல்லையே சார்."

மனைவி ரெபேக்காளிடம் போனில் சொன்னார்.

"ஜெயிச்சதுக்கா வேலைய விட்டு அனுப்புதானுவ?"

"ஆமா."

"தோத்த வருஷமெல்லாம் வச்சிருந்தானுவளே."

"ஆமாட்டி."

"சரி, வாங்க" என்றாள். அதற்கு மேல் கேட்டால் அவர் அழுதுவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அழுவது அவளாகக்கூட இருந்திருக்கலாம்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு அல் கூஸுக்குப் போனார். உள்ளதைச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் ஏறும்போதே தீர்மானம். எப்படியும் லீக் தொடங்கினால் தெரிந்துவிடும். ஆனால் கேம்ப் அறைக் கதவைத் திறந்தபோது உள்ளே ஒரே சிரிப்பு. அருள்ராஜ் கட்டிலுக்கு நடுவே நின்று, மூன்றாவது கோலுக்குத் தான் எப்படி வழுக்கி விழுந்தான் என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். ஆடி ஜெயித்த எந்த ஆட்டத்தையும் அவர்கள் இவ்வளவு பெருமையோடு பேசி கிளிட்டஸ் கேட்டதில்லை. அவரைக் கண்டதும் எல்லோரும் எழுந்துகொண்டார்கள்.

"அண்ணா, விசா?"

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நாளைக் காலை இவர்கள் சாரத்தில் ஏற வேண்டும், வெல்டிங் தீயைப் பிடிக்க வேண்டும். அண்ணன் சோற்றில் நாம்தான் மண்ணைப் போட்டோம் என்ற நினைப்போடு ஏறினால் கால் எங்கே நிற்கும்?

"ஆச்சு மக்களே" என்றார்.

யாரோ ஒருவன் தட்டில் தாளம் போட்டான். செல்வசிங் அவரைக் கட்டிக்கொண்டு, "நான் சொல்லல?" என்று மற்றவர்களைக் கேட்டான்.

"ஒருக்கா ஊருக்குப் போய்ட்டு வரணும். அப்பத்தான் புதுசா அடிச்சுத் தருவானுவளாம்" என்றார் கிளிட்டஸ். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. விசாவின் நியாயத்தைக் கேள்வி கேட்கிற வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

பிறகு ஒவ்வொருவனாகத் தொடங்கினான். திரும்பி வரும்போது ஒருவனுக்கு நேந்திரங்காய் வற்றல். இன்னொருவனுக்கு நெத்திலிக் கருவாடு, சோப்போடு ஒரே பையில் சேர்த்து வைத்துவிடாமல். அருள்ராஜுக்கு முழங்காலுக்குப் போட வர்மாணி வைத்தியரின் எண்ணெய். "சரி" என்றார் கிளிட்டஸ், ஒவ்வொருவனிடமும். செல்வசிங் கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"எனக்க பழைய பூட்ஸ் வீட்டுல கெடக்கு அண்ணா. யூனிவர்சிட்டிக்குக் களிச்சப்போ உள்ளது. அம்மெகிட்ட கேட்டா எடுத்துத் தருவா. இங்க வாங்கினது ஒண்ணும் காலுக்குச் சேரல."

"கொண்டு வாறேன். எத்தன நம்பர்?" என்றார் கிளிட்டஸ், சாவியைக் கையில் வைத்திருக்கிற ஸ்டோர் கீப்பரைப் போல.

"எனக்க பூட்ஸுக்கு எதுக்கு அண்ணா நம்பர்?" என்று செல்வசிங் சிரித்தான். "வீட்டுல அது ஒரு சோடிதான் உண்டும்."